லாங் பீச்சில் எழாமல் போன கடல் பூங்காவும் பெருந்துறை நண்பரின் 20 ஏக்கரும்

பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "1990-ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் டிஸ்னி கம்பெனி ஒரு கடல் பூங்காவை அறிவித்து, அடுத்த வருடமே கைவிட்டதாகப் படித்தேன். அவ்வளவு பெரிய கம்பெனியாலேயே ஏன் முடியவில்லை? நானும் மச்சானும் இன்னும் இரண்டு கூட்டாளிகளும் கிழக்குக் கடற்கரையில் 20 ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கலாமா, இல்லை நம்ம பக்கமே கட்டிவிடலாமா?" முதல் பாதி பழைய கதையைக் கேட்பது போல இருந்தாலும், உண்மையில் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: டிஸ்னியைத் தடுத்தது பணமா, யோசனையா, இடமா? நேராகச் சொன்னால், இடம். அந்தத் திட்டத்தில் பெரும்பகுதி அன்றைக்கு நிலமாகவே இல்லை. கடலாக இருந்தது.

திட்டம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். 1988-ல் டிஸ்னி, ராதர் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியை வாங்கியது. வாங்கியதற்கு முக்கியக் காரணம், டிஸ்னிலேண்ட் பூங்கா இருக்கும் அனஹைம் நகரில் இருந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல். பெயர் டிஸ்னியுடையது, உரிமையோ ராதரிடம் இருந்தது. ஹோட்டலோடு சேர்ந்து லாங் பீச்சில் நிறுத்தி வைத்திருந்த குயீன் மேரி என்ற பழைய பயணிகள் கப்பலின் குத்தகையும், பக்கத்தில் குவிமாடத்துக்குள் இருந்த ஹோவர்ட் ஹியூஸின் பிரம்மாண்ட மர விமானத்தின் குத்தகையும் கைக்கு வந்தன. தோட்டம் வாங்கப் போனவர்க்குக் கூடவே ஒரு பழைய அரிசி ஆலையும் சேர்ந்து வந்தது போல. ஆலையை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் போர்ட் டிஸ்னி. சுமார் 300 கோடி டாலர் மதிப்பு, ஐந்து ஹோட்டல்கள், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கத் துறை, படகுத் துறை, நடுவில் டிஸ்னி சீ என்ற பூங்கா. அந்தப் பூங்காவின் மையத்தில் ஓஷியானா என்று பெயரிட்ட பெரிய கடலியல் மண்டபம். பார்க்க வருபவர்கள் மீன்தொட்டிகளைச் சுற்றி வருவதோடு நிற்காமல், கூண்டில் இறங்கிச் சுறாக்களை அருகில் பார்ப்பது வரை யோசித்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்வதை மக்கள் நேரில் பார்க்கும் மையமும் அதில் உண்டு. இன்றைக்குப் படித்தாலும் அசலான யோசனை. கட்டாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இதற்கெல்லாம் சுமார் 250 ஏக்கர் கடலைத் தூர்க்க வேண்டியிருந்தது. நம்மூர்க் கணக்கில் அது எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். 250 ஏக்கர் என்பது 1 கோடியே 9 லட்சம் சதுர அடி. சராசரி 30 அடி உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 32 கோடியே 67 லட்சம் கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்றால் கிட்டத்தட்ட 33 லட்சம் யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் நாளொன்றுக்கு ஆயிரம் லோடு விடாமல் கொட்டினாலும் மூன்று வருடம் ஆகும். துறைமுகங்களில் டிப்பர் வைத்துக் கொட்டமாட்டார்கள், கடலடி மணலைத் தோண்டி நீரோடு கலந்து குழாயில் தள்ளுவார்கள் என்பது வேறு விஷயம். எப்படிச் செய்தாலும் அந்தப் பரப்பில் மீன் முட்டையிடும் அடிமட்டம் அப்படியே மூடிப்போகும்.

கலிபோர்னியாவில் 1976-ம் வருடக் கடற்கரைச் சட்டம் இருந்தது. கடலைத் தூர்க்கலாம், ஆனால் எதற்காகத் தூர்க்கலாம் என்று அந்தச் சட்டமே பட்டியல் போட்டிருந்தது. துறைமுகம், எரிசக்தி, கடலை நம்பியே நடக்க வேண்டிய தொழில், படகு வசதிகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. கேளிக்கைப் பூங்கா அதில் இல்லை. கடலைப் பற்றிய பூங்கா என்பதால் அது கடல் இல்லாமல் நடக்காத தொழில் ஆகிவிடாது. ராட்டினம் தரையிலும் சுற்றும். சட்டத்தில் விலக்கு கேட்டு 1991-ல் மாநில சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, மசோதா நிறைவேறவில்லை. அந்த வருட டிசம்பரில் டிஸ்னி, லாங் பீச்சை விட்டுவிட்டு அனஹைமில் இருக்கும் தன் நிலத்திலேயே விரிவாக்கம் செய்வதாக அறிவித்தது. குயீன் மேரி குத்தகையையும் 1992-ல் விட்டுவிட்டார்கள்.

இதுவரை சொன்னது பதிவில் இருப்பது. இதன்மேல் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. பாரிஸ் பூங்காவில் பட்ட நஷ்டத்தால்தான் கடல் பூங்காவைக் கைவிட்டார்கள் என்பது முதலாவது. தேதி இடிக்கிறது. பாரிஸ் பூங்கா திறந்தது 1992 ஏப்ரல் 12. லாங் பீச்சைக் கைவிட்டது அதற்கு நான்கு மாதம் முன்னால். பாரிஸ் நஷ்டம் அடித்தது அனஹைமில் வரவிருந்த வெஸ்ட்காட் என்ற இன்னொரு பூங்காத் திட்டத்தை. அதைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் 2001 பிப்ரவரியில் வேறொரு சிறிய பூங்காவாகத் திறந்தார்கள். இரண்டாவது பேச்சு, லாங் பீச் ஒரு பாவனைதான், அனஹைம் நகராட்சியிடம் நல்ல சலுகை வாங்குவதற்காக இரண்டு ஊர்களையும் மோதவிட்டார்கள் என்பது. இரண்டு ஊர்களையும் ஒரே நேரத்தில் பேச்சில் வைத்திருந்தது உண்மை. அதனால் லாங் பீச் வெறும் பேரத்துக்குத்தான் என்று சொல்வது ஊகம். என் கணிப்பில், அனுமதி கிடைத்திருந்தால் கட்டியிருப்பார்கள். பேரத்துக்கு மட்டும் என்றால் சட்டத்திருத்தம் வரைக்கும் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவசியமில்லை.

யோசனையில் குறை இல்லை என்பதற்குப் பெரிய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. அதே டிஸ்னி சீ என்ற பெயரில், மர்மத்தீவு போன்ற சில அங்கங்களை எடுத்துக்கொண்டு, 2001 செப்டம்பர் 4-ல் டோக்கியோ அருகே உராயாசுவில் பூங்கா திறந்தது. செலவு 33,000 கோடி யென்னுக்கு மேல். அதை வைத்திருப்பது டிஸ்னி அல்ல, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. டிஸ்னிக்கு உரிமத் தொகை மட்டும் போகிறது. 1960-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே உராயாசு கடலைத் தூர்த்து நிலமாக்கி வளர்ப்பதற்குத்தான். அதாவது, லாங் பீச்சில் எந்தப் படியில் கால் இடறியதோ அந்தப் படி இங்கே பல வருடம் முன்பே தாண்டியாகிவிட்டது. பூங்கா வரும்போது நிலம் தயாராக இருந்தது. ஓஷியானா மட்டும் அங்கேயும் வரவில்லை.

தூர்த்த நிலத்தில் அதோடு கவலை தீர்ந்துவிடாது. 2011 மார்ச் 11 பூகம்பத்தில் உராயாசுவின் தூர்த்த பகுதிகளில் மண் கூழாகிப் பொங்கியது. நீர் நிறைந்த தளர்ந்த மணலைக் குலுக்கினால் மணிகளுக்கு நடுவே இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி, மணல் தன் பிடிப்பை இழந்து திரவம் போல நடந்துகொள்ளும். பூங்காவின் கார் நிறுத்துமிடம் அப்படித்தான் ஆனது. பூங்காவின் உட்பகுதி பெரிதாகச் சேதமாகவில்லை, ஏனென்றால் கட்டும் முன்பே மணலைத் தூண் தூணாக இறக்கி அடித்து மண்ணை இறுக்கியிருந்தார்கள். ஒரே வளாகம், ஒரே கடல் மணல். காசு செலவழித்து இறுக்கிய இடம் நின்றது, விட்ட இடம் பிளந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் பணம் ஒதுக்க கூட்டாளிகள் முகம் சுளித்தால் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் 20 ஏக்கர். லாங் பீச் திட்டம் விழுந்த அதே 1991-ல், பிப்ரவரி 19 அன்று, இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. சிஆர்இசட் என்று சொல்வது இதைத்தான். பிறகு 2011-லும் 2019-லும் புது அறிவிக்கைகள் வந்தன. கடலைத் தூர்ப்பதற்கு இங்கேயும் பொதுவாகத் தடைதான். துறைமுகம், பாலம், நாட்டுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, பூங்காவுக்கு இல்லை. நீங்கள் கடலைத் தூர்க்கப் போவதில்லை என்றாலும் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடலேற்றத்தில் நீர் எட்டும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை இந்த மண்டலம்தான். ஊரகப் பகுதியில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் இருக்கும் இடங்களில் முதல் 50 மீட்டரும், மற்ற ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பட்டை. உங்கள் இடம் கடல் முகப்பு 150 மீட்டர் இருக்கும் ஒரு நீளப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் விதி வந்தால் 30,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஏழரை ஏக்கர், அப்படியே போய்விடும். 20 ஏக்கருக்குக் கிரயம் கொடுத்துப் பன்னிரண்டரை ஏக்கரில் கட்டுவீர்கள். அதுவும் மீதி 300 மீட்டர் ஆழத்துக்குக் கடற்கரை மண்டல ஆணையம் வழியாக அனுமதி வாங்கிய பிறகு.

புரோக்கர்கள் பெரும்பாலும் அலை அடிக்கும் இடத்திலிருந்துதான் அளந்து காட்டுவார்கள். பின்பக்கம் ஓர் உப்பங்கழியோ ஓடையோ இருந்தால், அலையேற்றத்தின் பாதிப்பு எதுவரை வருகிறதோ அதுவரை அந்தக் கரையிலிருந்தும் அளக்க வேண்டும். 2019 அறிவிக்கையில் அது 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அது. அலையாத்திக் காடு, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை இருந்தால் அது இன்னும் கடுமையான வகை. அங்கே பூங்கா பேச்சே வேண்டாம், வைக்கவும் கூடாது. போர் போட்டு இஷ்டத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதற்கும் மண்டலத்துக்குள் கட்டுப்பாடு உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தனியாக. இவை எல்லாம் கைகூடுமா என்பதைப் புல எண்ணையும் வரைபடத்தையும் வைத்துப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்ப வேண்டாம்.

அனுமதி வந்த பிறகு உப்புக்காற்று. நம்ம பக்கம் இரும்புக்கு பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் அடித்தால் பல வருடம் ஓடும். அந்தப் பழக்கத்தோடு கடலோரம் போனால் ஏமாந்துபோவீர்கள். ராட்டினத் தூண் ஒன்றின் அடியைப் பாருங்கள். தரைமேல் உட்காரும் அடித்தட்டு, அதன் நான்கு மூலையில் ஆங்கர் போல்ட், தட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடுக்கு. உப்பு கலந்த ஈரம் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே போல்ட்டின் கழுத்து உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். இடுக்கே இல்லாமல் கிரௌட் என்ற சிமென்ட் கலவையை நிரப்பி, தட்டைச் சுற்றி நீர் வழிய வாட்டம் கொடுத்து, போல்ட்டுகளைச் சூடான துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்ததாக வாங்க வேண்டும். எவர்சில்வர் என்றால் 304 பழுப்பேறும், 316 வேண்டும். கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரம் சொல்லும் வலிமைத் தரங்கள்: கடலோரப் பகுதிக்கு எம் 30, அலைத்தூவானம் படும் இடத்துக்கு எம் 35, அலை ஏறி இறங்கும் இடத்துக்கு எம் 40. கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், அதாவது கவர், முறையே 45, 50, 75 மில்லிமீட்டர். நம்மூர் மேஸ்திரி 25 வைத்துப் பழகியவர். கவர் பிளாக்கை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கான்கிரீட் போடச் சொல்ல வேண்டும்.

காற்றும் அப்படியே. இந்தியத் தரத்தின்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகம் கொஞ்சம்தான் கூடுதல் போலத் தெரியும், ஆனால் அழுத்தம் வேகத்தின் இருமடி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் கோவையில் சுமார் 93 கிலோ தள்ளினால் சென்னையில் 153 கிலோ. கோவைக்கு வரைந்த கூரையையும் சறுக்குத் தூணையும் அப்படியே கடற்கரையில் நட்டால் நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் என்ன செய்தது என்பதை அந்த ஊர்த் தென்னைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

சரி, நம்ம பக்கம் கட்டினால்? உங்கள் ஊரில் கடல் இல்லை என்பது நீங்கள் நினைப்பது போலக் குறை இல்லை. கோவைக்கு மிக நெருங்கிய கடல் பாலக்காட்டுக் கணவாய் வழியே போனால் பொன்னானிப் பக்கம். அதுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஈரோடு, திருப்பூர், கரூர்க் குழந்தைகளுக்குக் கடல் என்பதே அதிசயம். அந்த அதிசயத்துக்கு இங்கே ஆள் வருவார்கள். கஷ்டம் தண்ணீரில் இருக்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் அலைக்குளம், சராசரி ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10 லட்சம் லிட்டர். அதை ஒருமுறை நிரப்புவது பெரிதில்லை, சுத்திகரித்துச் சுற்றவிடலாம். கோடையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால் தினம் 6,000, 7,000 லிட்டர் காற்றில் போகும். குளித்து எழும் உடம்போடு போவது, ஃபில்டரைப் பின்கழுவும்போது போவது எல்லாம் இதற்கு மேல். வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் ஊரில் ஆவியாவதை மழை ஈடுகட்டாது. ஏப்ரல், மே மாதம்தான் கூட்டம், அதே மாதம்தான் போர் வற்றும். பக்கத்துத் தோட்டக்காரர் கிணறு இறங்கினால் முதலில் விரல் நீளுவது உங்கள் பக்கம்தான், அது நியாயமும்கூட. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்ற தண்ணீர்ப் பூங்கா மலையடிவாரத்தில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். பெருந்துறை மேட்டில் அப்படி ஒரு வாய்ப்பு கிடையாது.

கடல்நீர் மீன்காட்சி வைக்கலாம் என்று நினைத்தால் உப்புக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். 10 லட்சம் லிட்டர் தொட்டிக்கு 35 டன். தூத்துக்குடிக் கல்லுப்பை மட்டும் கொட்டிக் கரைத்தால் கடல் ஆகாது. கடலுப்பில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சாதாரண உப்பு, மீதி மக்னீசியம், கால்சியம், சல்பேட் முதலியவை. அந்த விகிதம் தப்பினால் மீன் தாங்காது. மொத்த நீரும் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே சுற்றி வர வேண்டும், அதாவது மணிக்கு 5 முதல் 10 லட்சம் லிட்டர். கோவையில் நல்ல பம்ப் கிடைக்கும், ஆனால் கடையில் எடுத்துவைத்திருக்கும் பம்பின் வார்ப்பிரும்பு இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) இந்த நீரில் அரித்துப்போகும். வெண்கலமோ உயர்தர எவர்சில்வரோ சொல்லிச் செய்ய வேண்டும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் சுவரின் தடிமன் தொட்டி எத்தனை லட்சம் லிட்டர் என்பதைப் பொறுத்ததல்ல, நீர் எத்தனை ஆழம் என்பதைப் பொறுத்தது. 5 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 5 டன்னுக்குச் சற்று மேல் தள்ளும்.

இதில் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை, கழிவுநீர். உள்நாட்டு நீர்நிலையில் விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் கரைந்த உப்பு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். உங்கள் தொட்டி நீர் 35,000. ஃபில்டர் கழுவிய நீரை ஓடையில் திறந்துவிட்டால் அது திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆற்றில் நடந்ததைச் சின்ன அளவில் திரும்பச் செய்வதுதான். ஒரத்துப்பாளையம் அணை உப்புத் தேங்கிப் பாசனத்துக்கு ஆகாமல் போனதை நம் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல நீர் கலந்து உப்பைக் குறைத்துக் காட்டுவதும் வழியல்ல. சாயப்பட்டறைகள் செய்வது போல ஆர்ஓ போட்டு, மிஞ்சும் அடர்உப்பு நீரை ஆவியாக்கி, உப்பைத் திடமாக எடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய கடல்நீர்த் தொட்டி உள்நாட்டில் கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு. 50,000 லிட்டருக்குள் சின்னத் தொட்டிகள் சில, மீதி எல்லாம் நன்னீர் மீன்கள் என்று வைத்தால் சமாளிக்கலாம். டால்பின் காட்சி எந்த ஊரிலும் வேண்டாம், 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. கடல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அலங்காரத்துக்குக்கூட வாங்கி வைக்கக் கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடற்கரை இடத்தை ஒரேயடியாக விட்டுவிடவும் மாட்டேன், அலையைத் தொட்டுத்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதமும் பிடிக்க மாட்டேன். அதே சாலையில் 500 மீட்டர் கோட்டுக்கு வெளியே இடம் பார்ப்பேன். உராயாசு பூங்காவிலேயே உள்ளே இருக்கும் துறைமுகமும் எரிமலைத் தீவும் செயற்கை ஏரியில்தான் இருக்கின்றன, அலை அடிக்கும் கரையில் இல்லை. உயர் அலைக் கோட்டை அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் கொடுத்து, 1:4000 அளவு வரைபடத்தில் உங்கள் புல எண்களின் மேல் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா, எஃப்எம்பி (புல அளவை வரைபடம்) பார்ப்பது எல்லோரும் செய்வார்கள், பக்கத்தில் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது, மீனவர்கள் படகு ஏற்றும் பாதையும் வலை உலர்த்தும் இடமும் உங்கள் எல்லைக்குள் வருகிறதா என்பதைக் கரையில் நின்று அந்த ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். காகிதத்தில் பட்டா நிலமாக இருந்தாலும் அந்தப் பாதையை அடைக்கக் கூடாது. மண் பரிசோதனைக்கு 20 ஏக்கருக்கு ஒன்றிரண்டு துளை போதாது, ராட்டினமும் குளமும் வரும் இடங்களில் தனித்தனியாகப் போட்டு நிலத்தடி நீர் மட்டத்தையும் அதன் உப்பையும் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வரைபடத்தில் கட்டுமானம் கூடாத பட்டைக்குள் விழும் பரப்புக்குக் கிரயம் கிடையாது, அல்லது அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும் என்ற வரி அக்ரிமென்ட்டில் இருக்கட்டும். விற்பவர் அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.